அறுபதாம் கல்யாணத்துக்குப் பெண் வர மறுத்த புதிர்

1

வரும் மாசியில் எனக்கு அறுபது நிறைகிறது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பாரீஸ் நகரத்தில் இரண்டு மளிகைக் கடைகளுக்கு முதலாளியாக அறுபதைத் தொடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கமாக எழுதலாம்தான். அடக்கமாக இருந்திருந்தால் இன்னமும் எவனோ ஒருவனுடைய உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன்.

அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, மண்டபம் பிடித்து, விமான டிக்கெட் எடுத்து, பத்திரிகை அடித்து, இங்கே பாரீஸில் தெரிந்த தமிழர் வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்க் கொடுத்தும் ஆயிற்று. அதற்கு அப்புறம், போன வாரம், என் மனைவி தையல்நாயகி சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நான் வரலைங்க. நீங்க போயிட்டு வாங்க."

கடைத்தெருவுக்கு வரவில்லை என்பதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். கல்யாணத்துக்குப் பெண்ணே வராமல் மாப்பிள்ளை மட்டும் போய் மணையில் உட்கார்ந்து என்ன செய்வது? தாலியை யார் கழுத்தில் கட்டுவது?

"ஏன்? என்ன ஆச்சு?"

"வாராவாரம் போனைப் புடிச்சுகிட்டு ஊர் உலகத்துப் புதிரையெல்லாம் அவுக்கறீங்கள்ல? இதையும் அவுங்க."

சொல்லிவிட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

2

அது என்ன புதிர் என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். விடுகதை மாதிரியே இருக்கும், விடுகதை இல்லை. ஒருவர் ஒரு விசித்திரமான சம்பவத்தைப் பாதி மட்டும் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டே மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும். புதிர் போட்டவர் மூன்றே மூன்று பதில்தான் சொல்லலாம்: ஆமாம், இல்லை, சம்பந்தமில்லை.

என் மகன் கார்த்திக் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனுடைய அலுவலகத்துப் பிள்ளைகள் நான்கு பேர் ஒருநாள் வீட்டுக்கு வந்து இதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இன்ஜினியர்கள். நான் பக்கோடாத் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கவனித்தேன். பிறகு, நானும் ஒன்று போடுகிறேன் என்று கார்த்திக்கை மொழிபெயர்க்கச் சொன்னேன். மூன்று நாளாக மழை கொட்டுகிறது, ஒரு விவசாயி அந்த மழையில் நனைந்துகொண்டே வயலில் மோட்டார் ஓட்டுகிறான், பைத்தியம் இல்லை, ஏன்?

நான்கு இன்ஜினியர்களும் முக்கால் மணி நேரம் முட்டிப் பார்த்தார்கள். ஒருவன், மோட்டாரை விற்கப்போகிறான், வாங்க வந்தவனுக்கு ஓட்டிக் காட்டுகிறான் என்றான். வயலில் தேங்கிய தண்ணீரை வெளியே இறைக்கிறான், இறைக்காவிட்டால் பயிர் அழுகிப்போகும் என்பது ஒருவனுக்கும் தோன்றவில்லை. இந்த ஆட்டம் எனக்காகவே உண்டானது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

உடனே வாட்ஸப்பில் குழு ஆரம்பித்தேன். பெயர் 'மூளைக்காரர்கள்'. என்னையும் சேர்த்து மூன்று பேர், ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ஊரில் ஏழரை ஆகும்போது, வீடியோவில் கூடுவோம்.

ஷாஜகான் மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பாபநாசத்தில் துணிக்கடை வைத்திருக்கிறான். போனை மேசையில் சாய்த்துவிட்டுத் துணி கிழித்துக்கொண்டே விளையாடுவான். ஜாக்கெட் துணி எடுக்க வந்த ஒரு அம்மா, கலர் பொருத்திப் பார்த்தபடியே ஒரு புதிரை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோவிந்தராசு மன்னார்குடியில் இருக்கிறான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் புதிர் போட்டாலும் அவனுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆள் செத்துட்டானா?" ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் குப்பையில் போட்டது ஏன் என்ற புதிருக்கும் அதையேதான் கேட்டான்.

இதுவரை அதிகப் புதிர்களை அவிழ்த்தது நான்தான். அவர்கள் இருவரும் இதை வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

3

வெளிநாட்டு வாழ்க்கையே இந்த ஆட்டம்தான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். நாம் என்ன கேட்டாலும் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் அந்த மூன்று பதிலில் ஒன்றைத்தான் சொல்வார்.

பிரெஞ்சு மொழியை நான் உணவகத்துச் சமையல்கட்டில் கற்றேன். அங்கே யாரும் யாரிடமும் கெஞ்சுவதில்லை. எடு, கழுவு, தள்ளு, சீக்கிரம், இவ்வளவுதான் இலக்கணம். குடியிருப்பு அட்டைக்காக முதல் தடவை அரசாங்க அலுவலகத்துக்குப் போனபோது கைவசம் இருந்தது அந்தப் பிரெஞ்சுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம் என் காகிதக் கட்டைக் காட்டி, "சீக்கிரம், எடு, தள்ளு" என்றேன். அந்த அம்மாவும் எடுத்தார், தள்ளினார். அடுக்கின் அடியில். என் முறை மறுபடி வர எட்டு மாதம் ஆனது.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை அவர்களுக்கு விளக்க முடியவில்லை. கடைசியில் என் அப்பா சாமிக்கண்ணுவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் மனைவி இந்த நாட்டில் 'மதாம் சாமிக்கண்ணு', அதாவது திருமதி சாமிக்கண்ணு. ஆஸ்பத்திரியில் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவள் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. என் தோளைத் தொட்டு, "மாமாவை ஏங்க இங்க கூப்பிடறாங்க?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அப்பா காலமாகி அப்போது மூன்று வருசம்.

பிள்ளை கதை இன்னும் விசேஷம். கார்த்திக் அறுபதாம் கல்யாணத்துக்கு லீவு கேட்டு எழுதினான். காரணம் என்ற கட்டத்தில் 'அப்பா அம்மா கல்யாணம்' என்று போட்டிருக்கிறான். அதிகாரி கூப்பிட்டு, அவர்கள் பிரிந்து மறுபடி சேருகிறார்களா என்று அனுதாபமாக விசாரித்தாராம். இல்லை என்றதும், அப்படியானால் இத்தனை நாள் கல்யாணம் செய்யாமலா இருந்தார்கள் என்று பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து கார்த்திக் என்னைக் கேட்டான்:

"அப்பா, ஒரே ஆளை ரெண்டாவது தடவ ஏன் கட்டணும்? மொத தடவை சரியா கட்டலையா?"

அவனுக்குத் தமிழ் பேச வரும். விஷயம் வராது. நான் சிரித்துவிட்டேன். தையல்நாயகி சிரிக்கவில்லை. அப்போதாவது கவனித்திருக்கலாம்.

4

பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தையல்நாயகிக்கு உடன்பிறந்த ஆண் என்று ஒரே ஒரு அண்ணன். பெயர் வைத்தியலிங்கம். ஊரிலேயே விவசாயம். ஒன்பது வருசத்துக்கு முன்னால் அவர் மகள் கல்யாணத்துக்காக நான் பாரீஸிலிருந்து கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். போய் இறங்கியதும் பத்திரிகையைக் கையில் கொடுத்தார்கள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். நாலாவது வரியில் நான். வெறும் 'சா. ரெங்கசாமி குடும்பத்தார்'. பாரீஸ் இல்லை, தொழிலதிபர் இல்லை. எனக்கு மேலே மூன்றாவது வரியில் தையல்நாயகியின் தங்கை புருசன். தாலுகா ஆபீஸில் எழுத்தர். அவர் பெயருக்குப் பின்னால் பி.ஏ.

நான் பட்டம் வாங்கவில்லை. அதற்காக என்னைவிட இளைய மாப்பிள்ளைக்குக் கீழே என்னைப் போடுவதா?

"அச்சகத்துக்காரன் வரிசைய மாத்திப்புட்டான் மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க" என்றார் மைத்துனர்.

"அவரு பி.ஏ.ன்னு அச்சகத்துக்காரனுக்குக் கனவா வந்துச்சு?" என்றேன்.

மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும், சாப்பிடாமல் கிளம்பினேன். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவதைவிடப் பெரிய அடி கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தையல்நாயகி அதற்குள் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். இலைக்குத் தண்ணீர்கூடத் தெளித்துவிட்டாள். கையைப் பிடித்து எழுப்பிக் காரில் ஏற்றினேன். அன்றோடு அந்த வீட்டுப் பேச்சு முடிந்தது.

இப்போது என் பத்திரிகை. வழவழப்பான தாள், கோட் சூட்டில் என் படம், இருபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பதவியோ ஊரோ பட்டமோ உண்டு. அந்த இருபத்திரண்டில் வைத்தியலிங்கம் இல்லை. மறதியால் விட்டதல்ல, நினைவோடுதான் விட்டேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து புடவை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்; அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் இரண்டாவது தாலிக்கு உட்காருவாள். இதற்கும் நான் வழி கண்டுபிடித்தேன். புடவையை நானே வீடியோவில் பார்த்து ஷாஜகான் கடையில் எடுத்தேன். தட்டை நீட்டக் கோவிந்தராசுவை ஏற்பாடு செய்தேன். அண்ணன் முறைக்கு ஒரு ஆள் நின்றால் சரி, அவ்வளவுதானே? கோவிந்தராசுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தனக்கு ஒரு பட்டு வேட்டி வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

இந்த ஏற்பாட்டை நான் தையல்நாயகியிடம் விவரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். எதிர்ப்பேச்சு இல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

5

அவள் வரவில்லை என்று சொன்ன அடுத்த ஞாயிறு, மூன்று மணிக்கு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, இன்னிக்கு நான் ஒண்ணு போடறேன்."

"போடும்மா, போடு" என்றான் ஷாஜகான். "எத்தனை நாளைக்கு இவன் பெருமையவே கேக்கறது."

"ஒருத்திக்குக் கல்யாணம். மண்டபம் புடிச்சாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு, புடவை வந்தாச்சு. மாப்பிள்ளையும் அவளுக்குப் புடிச்ச மாப்பிள்ளைதான். ஆனா அவ போகமாட்டேங்கறா. ஏன்?"

மாப்பிள்ளை பிடித்த மாப்பிள்ளைதான் என்ற இடத்தை நண்பர்கள் இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள் என்று நம்புகிறேன்.

"யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான் கோவிந்தராசு.

"இல்லண்ணே. அதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துடணும்னுதான்."

"தங்கச்சி, ஆமா இல்லைன்னு மட்டும்தான் சொல்லணும். அதான் ரூல்."

"அப்ப இல்லை."

நான் கம்பீரமாக இறங்கினேன். "உடம்புக்கு முடியலையா?"

"இல்லை."

"மாப்பிள்ளை மேல கோவமா?"

"ஆமாம்."

"இந்த வருசத்துக் கோவமா?"

"இல்லை."

"போன வருசம்?"

"இல்லை."

"அஞ்சு வருசம்?"

"இல்லை."

அதற்குப் பின்னால் போக எனக்கு மனசில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஷாஜகான் பிடித்துக்கொண்டான்.

"புடவையில எதாச்சும் கோளாறாம்மா? என் கடைப் புடவை, உண்மையச் சொல்லு."

"கோளாறு இல்லை."

"ஆனா புடவைதான் காரணமா?"

"ஆமாம்."

"வெலையா?"

"சம்பந்தமில்லை."

"கலரா?"

"சம்பந்தமில்லை."

ஷாஜகான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். "கொண்டாந்து குடுக்கற ஆளா?"

தையல்நாயகி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஆமாம்."

"ஐயையோ, நானா?" என்று கோவிந்தராசு அலறினான். "நான் என்னம்மா பண்ணேன்? பட்டு வேட்டிகூட வேணாம்மா!"

"உங்க மேல ஒரு குறையும் இல்லண்ணே. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"தட்டை நீட்டறது நானு, எனக்குச் சம்பந்தமில்லையா?"

"டேய் கோவிந்து, செத்த நேரம் சும்மா இரு" என்றான் ஷாஜகான். "அறுபதாம் கல்யாணப் புடவை எடுக்க என் கடைக்கு யாருடா வருவாங்க? பொண்ணோட அண்ணன் தம்பிங்க வருவாங்க. வாசல்லயே நின்னு அக்காவுக்கு இது புடிக்குமா, தங்கச்சிக்கு அது புடிக்குமான்னு சண்டை போட்டுக்குவாங்க. பொண்டாட்டியோட பொறந்த வீட்டுப் புடவையை மாப்பிள்ளையே எடுத்தது என் கடையில இவன் ஒருத்தன்தான். அன்னிக்கே நான் கேட்டிருக்கணும். ரெங்கா, பதிலை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் படம் அணைந்துவிட்டது. பாரீஸில் நெட் மெதுவாக ஓடுகிறது என்று எழுதத்தான் கை வருகிறது. ஷாஜகான் இதைப் படிப்பான் என்பதால் உண்மையைச் சொல்கிறேன்: நான்தான் அணைத்தேன்.

"படம் போனா என்ன, காது கேக்கும்ல" என்றது அவன் குரல். "அவ அண்ணன் தட்டு எடுத்துட்டு வந்தாத்தான் அவ மணையில உக்காருவா. சரியாம்மா?"

"ஆமாம்" என்றாள் தையல்நாயகி.

ஒன்பது வருசமாக அவள் அண்ணன் பேச்சை எடுத்தால் நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன். இந்த ஆட்டத்தில் பேச வேண்டியது நான். அவள் ஒற்றை வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் நண்பர்களும் கேட்டுக் கேட்டு அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றோம். புதிர் போடுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று ஒப்புக்கொள்கிறேன். இதை இங்கே ஒரு தடவை எழுதியது போதும்.

போனை வைத்த பிறகு நான் விடவில்லை.

"அவரு என்னைக் கீழ போட்டது தப்பா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லு."

"தப்புதான்."

"அப்புறம் என்ன?"

"சா. ரெங்கசாமி குடும்பத்தார்னு போட்டிருந்துச்சு. அந்தக் குடும்பத்தார் நான்தான். எனக்குப் பேரே இல்ல, நான் சண்டை போட்டேனா? இலையில உக்காந்தவளை எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க. அண்ணி பாயச வாளியோட எனக்கு எதிர்ல வந்துகிட்டிருந்தாங்க. வாளியோட நின்னுட்டாங்க."

எனக்கு அந்த வாளி ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒன்பது வருசமாக ஞாபகம் இருந்திருக்கிறது.

6

திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஊரில் மதியம். அண்ணன் நம்பரை நான் எப்போதோ அழித்துவிட்டேன். தையல்நாயகி பார்க்காமலே சொன்னாள், நான் அழுத்தினேன். மணி அடித்து, எடுத்த உடனே பெரிய இரைச்சல். அறுவடை மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"பாரீஸ்லேர்ந்து."

"பாரீஸ்ல யாரு? அங்க எனக்குத் தங்கச்சி ஒருத்திதான் இருக்கா. அவ கொரல் இப்படி இருக்காது."

தொழிலதிபர் என்று சொல்லலாமா? இங்குள்ள தமிழர் சங்கத்தின் துணைத் தலைவர் என்று சொல்லலாமா? எதைச் சொன்னாலும் அந்த மனிதர் இன்னொரு 'யாரு' போடுவார் என்பது தெரிந்துவிட்டது. எதிரில் தையல்நாயகி அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"ரெங்கசாமி பேசறேன், மச்சான்."

மெஷின் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. வரப்பில் ஓரமாக நடந்து வந்திருப்பார்.

"சொல்லுங்க மாப்ள."

"மாசியில எனக்கு அறுபது. திருக்கடையூர்ல..."

"கேள்விப்பட்டேன். பத்திரிகைகூட ஒருத்தர் காட்டினாரு. நல்ல தாளு."

"உங்க பேரைச் சேத்து வேற அடிச்சுடறேன் மச்சான். மொத வரியில."

"வேணாம் மாப்ள. மறுபடி வரிசையில தகராறு வரும்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

"புடவை எடுத்துட்டீங்களாமே?" என்றார்.

"அது... திருப்பிக் குடுத்துடலாம். பாய் நம்ம ஆளுதான்."

"என் தங்கச்சிக்கு நான் எடுத்துக்கறேன். தட்டு நான் கொண்டாறேன். ஒரே ஒரு விஷயம். மொத நாளு நம்ம வீட்டுக்கு வந்து, இலையில உக்காந்து, சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் திருக்கடையூர் கிளம்பணும். பாதியில எந்திரிக்கப்படாது."

"சரி மச்சான்."

"பாயசத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

"சரி மச்சான்."

"போனைத் தையலுகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்றாள். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். மெஷின் மேலக்கொல்லையில் சேற்றில் மாட்டிக்கொண்டது, அண்ணியின் முழங்கால் வலி, கன்று போட்ட மாடு, கொல்லைக் கதவுக்கு மாற்றிய பூட்டு. "அடுத்த வெள்ளிக்கிழமை ஏறிடுவோம்ணே, ரெண்டு பேரும்" என்றாள். மாம்பழக் கலர் வேண்டாம், அரக்கில் எடு என்றாள். மூன்று தடவை வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. வேலையாள் இரண்டு தடவை போன் செய்தான், எடுக்கவில்லை. என்னைப் பற்றி ஏதாவது பேச்சு வரும், வந்தால் கேட்கலாம் என்று அங்கேயே நின்றேன். நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒரு இடத்தில்கூட என் பேச்சு வரவில்லை.